கோட்டைக்குப் போன குடியானவர்

ஓமந்தூர் ராமசாமி ரெட்டியாரின் வாழ்க்கை

செஞ்சிக்குத் தெற்கே அனந்தபுரம் என்று ஓர் ஊர் இருக்கிறது. பல்லவர் கோயில் உள்ள பனமலைக்குப் பக்கத்து ஊர். சுற்றிலும் பாறைக் குன்றுகள். குன்றுகளுக்கு இடையே ஏரிகளும் வயல்களும்.

காவிரியைப் போன்ற பெரிய ஆறு இந்தப் பக்கத்தில் கிடையாது. ஏரியும் கிணறும்தான் விவசாயிக்குத் துணை. மழை பெய்தால் ஏரி நிரம்பும். ஏரி நிரம்பினால் நெல். இல்லாவிட்டால் மணிலா, கம்பு, கேழ்வரகு.

அறுவடை முடிந்ததும் நெல் மூட்டைகள் வண்டி ஏறும். செஞ்சியில் இருக்கும் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்குப் போய்ச் சேரும். தமிழ்நாட்டில் நெல் வரத்து மிகுந்த விற்பனைக்கூடங்களில் அதுவும் ஒன்று. அங்கே விவசாயி தம் மூட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து காத்திருப்பார்.

எதற்காகக் காத்திருக்கிறார்? விலைக்காக!

எந்த நாளில் விதைப்பது என்று அவர்தான் முடிவு செய்தார். என்ன உரம் போடுவது, எப்போது களை எடுப்பது, எப்போது அறுப்பது, எல்லாம் அவர் முடிவு. விலையை மட்டும் வேறு யாரோ முடிவு செய்கிறார்கள்.

இந்தக் கவலை இன்று நேற்று வந்தது அல்ல. நூறு ஆண்டுகளுக்கு மேலாக இந்த மண்ணில் இருக்கிறது. இதே கவலையின் நடுவே வளர்ந்த ஒரு குடியானவர், இந்த மாவட்டத்தில் இருந்து சென்னைக் கோட்டைக்குப் போனார். நாடு சுதந்திரம் அடைந்த நாளில் சென்னை மாகாணத்தின் தலைமைப் பதவியில் அவர்தான் இருந்தார்.

அவர்தான் ஓமந்தூர் பி. ராமசாமி ரெட்டியார். மக்கள் அவரை ஓமந்தூரார் என்றே அழைத்தார்கள்.

ஒரு குடியானவர் கையில் ஆட்சி வந்தது. குடியானவர்களின் கஷ்டம் தீர்ந்ததா? எது தீர்ந்தது? எது தீரவில்லை? அவருடைய வாழ்க்கை அதைச் சொல்லுகிறது.

ஓமந்தூரில் பிறந்தார்

திண்டிவனத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது ஓமந்தூர். அது அந்தக் காலத்தில் தென் ஆற்காடு மாவட்டத்தைச் சேர்ந்தது. செஞ்சியும் அதே மாவட்டம்தான். 1993-ம் ஆண்டில் தென் ஆற்காடு இரண்டாகப் பிரிந்தபோது, இந்த ஊர்கள் விழுப்புரம் மாவட்டத்துக்கு வந்தன.

1895-ம் ஆண்டு பிப்ரவரி 1-ந் தேதி ராமசாமி பிறந்தார். நிலபுலன் உள்ள விவசாயக் குடும்பம். திண்டிவனத்தில் பள்ளிப் படிப்பு. பட்டம் வாங்கிப் பெரிய உத்தியோகத்துக்குப் போகவில்லை. ஏரும் எருதும் அவருக்குப் பழக்கமானவை. மழை தவறினால் ஒரு வீட்டில் என்ன நடக்கும் என்பது அவருக்குப் புத்தகம் படித்துத் தெரிந்த விஷயம் அல்ல.

காந்தியடிகளின் அழைப்பு நாடெங்கும் எழுந்தது. ராமசாமி காங்கிரசில் சேர்ந்தார். கதர் உடுத்தினார். சத்தியாக்கிரகத்தில் ஈடுபட்டுச் சிறை சென்றார். தென் ஆற்காடு மாவட்டக் காங்கிரசில் முன்னணியில் நின்றார். ஆன்மிகத்திலும் அவருக்கு மிகுந்த ஈடுபாடு. திருவண்ணாமலை ரமண மகரிஷியிடமும், வடலூர் வள்ளலாரின் நெறியிடமும் பக்தி கொண்டிருந்தார்.

கடல் கடந்த மணிலா

ஓமந்தூரார் வளர்ந்த காலத்தில் தென் ஆற்காட்டின் செல்வம் எது தெரியுமா? மணிலாக்கொட்டைதான். சிலர் மல்லாட்டை என்பார்கள். மற்ற ஊர்களில் வேர்க்கடலை, நிலக்கடலை.

ஏரித் தண்ணீர் எட்டாத மேட்டு நிலத்திலும் அது விளையும். மழை ஒன்றே போதும். அதனால் திண்டிவனம், செஞ்சி, விழுப்புரம் பக்கங்களில் ஏராளமாகப் பயிர் செய்தார்கள்.

விளைந்த மணிலா எங்கே போயிற்று? மாட்டு வண்டியில் மண்டிக்குப் போயிற்று. அங்கிருந்து புதுச்சேரிக்குப் போயிற்று. அப்போது புதுச்சேரி பிரெஞ்சுக்காரர்கள் வசம் இருந்தது. 1879-ம் ஆண்டிலேயே விழுப்புரத்துக்கும் புதுச்சேரிக்கும் ரெயில் ஓடத் தொடங்கிவிட்டது. புதுச்சேரியில் கப்பல் ஏறிய மணிலா, பிரான்ஸ் நாட்டின் மார்சேல் துறைமுகத்தில் இறங்கியது. அங்குள்ள ஆலைகள் அதை எண்ணெயாகவும் சோப்பாகவும் மாற்றின.

செஞ்சிப் பக்கத்துச் செம்மண்ணில் விளைந்த கொட்டை, கடல் கடந்து சோப்பாகிவிட்டது! கேட்பதற்கு வியப்பாக இருக்கிறது. ஆனால் இதில் ஓர் ஆபத்தும் இருந்தது. மார்சேலில் விலை இறங்கினால், திண்டிவனத்தில் குடியானவர் வீட்டு அடுப்பு அணையும். ஏன் இறங்கியது என்று சொல்வதற்குக்கூட அவருக்கு ஆள் கிடையாது.

1929-ம் ஆண்டில் உலகப் பொருளாதார மந்தம் வந்தது. அமெரிக்காவில் தொடங்கி எல்லா நாடுகளையும் பிடித்து ஆட்டியது. மணிலா விலையும் நெல் விலையும் சரிந்து விழுந்தன. கட்ட வேண்டிய கிஸ்தி அந்த வேகத்தில் குறையவில்லை. வாங்கிய கடனும் குறையவில்லை. ஒரு மூட்டை விற்று அடைக்க வேண்டிய கடனுக்கு இரண்டு மூட்டை விற்க வேண்டியதாயிற்று. பல குடும்பங்களின் நிலம் கடன் கொடுத்தவர் கைக்குப் போய்விட்டது.

துணிக்கு அடியில் விலை

அந்தக் காலத்து மண்டி வியாபாரம் எப்படி நடந்தது?

விதைப்புக்குப் பணம் வேண்டும். குடியானவர் வியாபாரியிடமோ தரகரிடமோ முன்பணம் வாங்குவார். அறுவடை ஆனதும் சரக்கை அவரிடமே போட வேண்டும். வேறு இடத்துக்குப் போக முடியாது. கடன் கழுத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும்!

மண்டியில் தரகர்கள் துண்டுக்கு அடியில் கையைப் பிடித்து, விரலால் விலை பேசுவார்கள். சரக்குக்குச் சொந்தக்காரர் பக்கத்திலேயே நிற்பார். என்ன விலை பேசினார்கள் என்று அவருக்குத் தெரியாது. எடைக்கல் சரியா என்றும் தெரியாது. பிறகு கழிவு, தரகு, மகிமை, மாதிரிக்கு ஒரு கை என்று பிடித்தம் நடக்கும். மிஞ்சியதுதான் கைக்கு வரும்.

இதைச் சீராக்க வேண்டும் என்று சர்க்காருக்கும் தெரிந்திருந்தது. 1928-ம் ஆண்டில் அரச விவசாயக் கமிஷன் தன் அறிக்கையில், ஒழுங்குபடுத்திய சந்தைகள் வேண்டும் என்று கூறியது. 1933-ம் ஆண்டில் சென்னை மாகாணத்தில் வணிகப் பயிர்ச் சந்தைச் சட்டம் வந்தது. பருத்தி, மணிலா, புகையிலை ஆகிய பயிர்களுக்கு அது பொருந்தும். நெல்லுக்கு அது பொருந்தாது.

1938-ம் ஆண்டில் ராஜாஜி மந்திரிசபை விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டத்தைக் கொண்டுவந்தது. கடன் சுமை ஓரளவு இறங்கியது.

நல்ல விதைக்கும் முயற்சி நடந்தது. திண்டிவனம் எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையம் புதிய மணிலா ரகங்களை உண்டாக்கியது. டி.எம்.வி. என்று தொடங்கும் பெயர்களை விவசாயிகள் கேட்டிருப்பார்கள். அது திண்டிவனத்தைக் குறிக்கும் பெயர்தான். 1940-ம் ஆண்டில் வெளியான டி.எம்.வி. 2 என்ற ரகம் இந்தியா முழுவதும் பரவியது.

விதை நன்றாக இருந்தது. விளைச்சல் கூடியது. விலை மட்டும் குடியானவர் கைக்கு வரவில்லை.

தேடி வந்த பதவி

1946-ம் ஆண்டில் சென்னை மாகாணத்தில் காங்கிரஸ் மந்திரிசபை அமைந்தது. ஆந்திர கேசரி பிரகாசம் அதற்குத் தலைவர். இன்றைய முதல்-மந்திரி பதவிக்கு அந்தக் காலத்தில் பிரதம மந்திரி என்று பெயர். அப்போது சென்னை மாகாணம் மிகப் பெரியது. தமிழ்நாட்டோடு ஆந்திரக் கடற்கரை, ராயலசீமை, மலபார், தென் கன்னடம் எல்லாம் சேர்ந்திருந்தன.

கட்சிக்குள் பிளவு ஏற்பட்டது. 1947 மார்ச்சில் பிரகாசம் பதவி விலக நேர்ந்தது. அடுத்து யார்? தெலுங்குத் தலைவர்கள், தமிழ்த் தலைவர்கள், மலபார் தலைவர்கள் என்று பல பிரிவுகள். எல்லாருக்கும் பொதுவான மனிதர் ஒருவர் வேண்டும்.

காமராஜரும் மற்றத் தலைவர்களும் ஓமந்தூராரைத் தேடினார்கள். அவர் பதவிக்கு ஆசைப்படவில்லை. தயங்கினார். வற்புறுத்திய பிறகுதான் சம்மதித்தார். 1947-ம் ஆண்டு மார்ச் 23-ந் தேதி பதவி ஏற்றார்.

வக்கீல்களும் ஜமீன்தார்களும் பட்டதாரிகளும் உட்கார்ந்த நாற்காலி அது. அதில் ஒரு கிராமத்துக் குடியானவர் உட்கார்ந்தார். ஐந்து மாதம் ஆவதற்குள் நாடு சுதந்திரம் அடைந்தது. 1947 ஆகஸ்டு 15 அன்று சுதந்திரச் சென்னை மாகாணத்தின் முதல் தலைமை மந்திரி ஓமந்தூரார்.

ஜமீன் ஒழிந்தது

அவர் காலத்தின் பெரிய சாதனை ஜமீன் ஒழிப்பு.

அப்போது மாகாணத்தில் நிலம் இரண்டு வகையாக இருந்தது. ஒன்று ரயத்துவாரி. இதில் குடியானவர் பெயரில் பட்டா இருக்கும். அவர் சர்க்காருக்கு நேராக வரி கட்டுவார். செஞ்சி, திண்டிவனம் பக்கங்களில் பெரும்பாலும் இந்த முறைதான்.

மற்றொன்று ஜமீன். மாகாணத்தின் நிலத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இந்த முறையில் இருந்தது. 1802-ம் ஆண்டில் கிழக்கிந்தியக் கம்பெனி செய்த ஏற்பாடு இது. ராமநாதபுரம், சிவகங்கை, எட்டயபுரம், வெங்கடகிரி, விஜயநகரம் முதலியவை பெரிய ஜமீன்கள். அங்கே குடியானவர் ஜமீன்தாருக்கு வாரமோ குத்தகையோ கட்டுவார். ஜமீன்தார் அதில் ஒரு தொகையைச் சர்க்காருக்குக் கட்டிவிட்டு மீதியைத் தாம் வைத்துக்கொள்வார். பக்கத்து ரயத்துவாரி கிராமத்தில் ஒரு தீர்வை. ஜமீன் கிராமத்தில் அதைவிடப் பல மடங்கு பாரம். இப்படிப் பல இடங்களில் இருந்தது.

ஓமந்தூரார் ஆட்சி இரண்டு படியாக வேலை செய்தது.

முதல் படி, 1947-ம் ஆண்டின் வாரக் குறைப்புச் சட்டம். ஜமீன் குடிகள் கட்டும் தொகையைப் பக்கத்து ரயத்துவாரித் தீர்வையோடு ஒப்பிட்டுக் குறைக்க அது வழி செய்தது.

இரண்டாவது படி, 1948-ம் ஆண்டின் ஜமீன் ஒழிப்புச் சட்டம். ஜமீன் நிலங்களைச் சர்க்கார் எடுத்துக்கொண்டு, உழுது வந்த குடிகளுக்கு ரயத்துவாரிப் பட்டா கொடுக்க வேண்டும் என்பதே அதன் சாரம். ஜமீன்தார்களுக்கு நஷ்ட ஈடு உண்டு. சிறிய ஜமீன்களுக்கு அதிக மடங்கு, பெரிய ஜமீன்களுக்குக் குறைந்த மடங்கு என்று கணக்கு வகுத்தார்கள்.

எதிர்ப்பு கொஞ்சமா? ஜமீன்தார்களுக்குச் செல்வாக்கு இருந்தது. வழக்கறிஞர்கள் இருந்தார்கள். கட்சிக்குள்ளேயே அவர்களுக்கு வேண்டியவர்கள் இருந்தார்கள். ஆனாலும் சட்டம் நிறைவேறியது. 1949 ஏப்ரலில் நடைமுறைக்கு வரத் தொடங்கியது. நாட்டிலேயே முன்னோடியான ஜமீன் ஒழிப்புச் சட்டங்களில் அது ஒன்று.

கோவை மாவட்டத்து விவசாயிகள் பல காலம் எதிர்பார்த்த கீழ்பவானி அணைக்கும் 1948-ம் ஆண்டில் வேலை தொடங்கியது.

மற்றச் சீர்திருத்தங்களும் உண்டு. 1947-ம் ஆண்டில் ஆலயப் பிரவேசச் சட்டம் வந்தது. தாழ்த்தப்பட்ட மக்களுக்குக் கோயில் கதவு திறந்தது. அதே ஆண்டில் தேவதாசி முறையை ஒழிக்கும் சட்டமும் நிறைவேறியது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பல ஆண்டுகள் பாடுபட்ட காரியம் அது. 1948 அக்டோபர் 2 முதல் மாகாணம் முழுவதும் மதுவிலக்கு அமலுக்கு வந்தது.

அரிசிப் பிரச்சினை

ஜமீனை ஒழிக்கலாம். விலையை என்ன செய்வது? இங்கேதான் ஓமந்தூராருக்குப் பெரிய சோதனை வந்தது.

சென்னை மாகாணம் தனக்கு வேண்டிய அரிசியைத் தானே விளைவிக்கவில்லை. பர்மாவில் இருந்து கப்பல் கப்பலாக அரிசி வந்துகொண்டிருந்தது. 1942-ம் ஆண்டில் ஜப்பான் பர்மாவைப் பிடித்தது. அரிசி வரவு நின்றுவிட்டது. ரேஷன் வந்தது. கிராமங்களில் நெல் கொள்முதல் வந்தது. குடியானவர் தம் வீட்டுத் தேவைக்குப் போக மீதி நெல்லைச் சர்க்கார் சொன்ன விலைக்குக் கொடுக்க வேண்டும். யுத்தம் முடிந்த பிறகும் இந்தக் கட்டுப்பாடு நீங்கவில்லை.

பட்டணத்துத் தொழிலாளி அரிசி மலிவாக வேண்டும் என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அவர் வீட்டிலும் குழந்தைகள் இருந்தன.

கிராமத்துக் குடியானவர் நெல்லுக்கு நல்ல விலை வேண்டும் என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. துணி, மண்ணெண்ணெய், இரும்பு, மாடு எல்லாம் விலை ஏறிவிட்டன. நெல்லுக்கு மட்டும் கட்டுப்பாடா?

இரண்டு நியாயங்களுக்கும் நடுவே ஒரு குடியானவர் கோட்டையில் உட்கார்ந்திருந்தார்! கிராமத்தில் இருந்தால் அவரே நெல் கொடுக்க வேண்டியவர். கோட்டையில் இருந்ததால் மற்றவர்களிடம் நெல் கேட்க வேண்டியவர்.

காந்தியடிகள் கட்டுப்பாடுகளை விரும்பவில்லை. 1947 டிசம்பரில் மத்திய சர்க்கார் உணவுக் கட்டுப்பாட்டைப் படிப்படியாக நீக்க முடிவு செய்தது. விலை மளமளவென்று ஏறியது. அந்த ஏற்றத்தின் லாபம் யாருக்குப் போயிற்று? அறுத்த உடனே விற்றுக் கடன் அடைக்க வேண்டிய சிறு விவசாயிக்கு அதிகம் கிடைக்கவில்லை. வாங்கி அடுக்கிவைக்க இடமும் பணமும் உள்ளவர்களுக்குக் கிடைத்தது. 1948-ம் ஆண்டின் பிற்பகுதியில் கட்டுப்பாடு திரும்பவும் வந்துவிட்டது.

கட்டுப்பாடு இருந்தாலும் சிறு விவசாயிக்குக் கஷ்டம். இல்லாவிட்டாலும் கஷ்டம். இதற்குக் காரணம் என்ன? அவரிடம் நெல்லைக் காப்பாற்றி வைக்கும் வசதி இல்லை. காத்திருக்கப் பணம் இல்லை. நல்ல விலை வரும்வரை பொறுக்க முடியாதவருக்கு நல்ல விலை கிடைப்பது அரிது. இதை ஒரே சட்டத்தால் மாற்ற முடியாது. இரண்டு ஆண்டு ஆட்சி அதற்குப் போதாது.

குறைகளும் உண்டு

ஓமந்தூராரைப் பற்றிப் பேசும்போது நிறைகளை மட்டும் சொல்லிவிட்டுப் போக முடியாது.

ஜமீன் ஒழிப்பினால் பட்டா கிடைத்தது குடி உரிமை உள்ளவர்களுக்கு. சொந்த நிலமே இல்லாத கூலி ஆட்களுக்கு நிலம் வரவில்லை. அவர்களில் பெரும்பாலோர் தாழ்த்தப்பட்ட மக்கள். கோயில் கதவு திறந்தது. வயலில் அவர்கள் கூலிகளாகவே இருந்தார்கள். தஞ்சைக் குத்தகைதாரருக்கும் பண்ணையாளுக்கும் தனிச் சட்டம் 1952-ம் ஆண்டில்தான் வந்தது.

1947-ம் ஆண்டின் பொது அமைதிப் பாதுகாப்புச் சட்டத்தின்படி கம்யூனிஸ்டு கட்சியினர் பலர் சிறைக்குள் போனார்கள். அவர்களில் விவசாயிகள் சங்கத்தில் உழைத்தவர்களும் உண்டு. 1948-ம் ஆண்டில் பள்ளிகளில் இந்தியைப் புகுத்தியதற்குத் தமிழ்நாட்டில் பெரிய கிளர்ச்சி எழுந்தது.

ஆனால் அவருடைய நேர்மையை யாரும் குறை கூறவில்லை. சிபாரிசுக்கு அவர் இடம் கொடுப்பதில்லை. கட்சிக்காரர் என்பதற்காக ஒரு காரியம் நடக்காது. உத்தியோகம், பெர்மிட், லைசென்சு என்று வந்தவர்கள் முகம் சுளித்துக்கொண்டு திரும்பினார்கள்.

அப்படித் திரும்பியவர்கள் சும்மா இருப்பார்களா? கட்சிக்குள் அதிருப்தி வளர்ந்தது. கொண்டுவந்த தலைவர்களின் ஆதரவும் விலகியது. 1949 ஏப்ரல் 6-ந் தேதியோடு அவருடைய ஆட்சி முடிந்தது. குமாரசாமி ராஜா புதிய தலைவரானார்.

ஏப்ரல் மாதத்தில் அவர் பதவி விட்டார். ஜமீன் ஒழிப்புச் சட்டம் நடைமுறைக்கு வரத் தொடங்கியதும் அதே ஏப்ரல் மாதம்தான்! நாற்று விட்டவர் ஒருவர். அறுவடை பார்த்தவர்கள் வேறு.

வடலூரில் கடைசிக் காலம்

பதவி போனதும் பலர் மீண்டும் பதவிக்கு அலைவார்கள். ஓமந்தூரார் அலையவில்லை. அவர் மனம் வடலூரை நாடியது.

பசித்தவர்களுக்குச் சோறு போட வேண்டும் என்று வள்ளலார் 1867-ம் ஆண்டில் தருமச்சாலை அமைத்த ஊர் வடலூர். அதுவும் தென் ஆற்காட்டு மண்தான். ஓமந்தூரார் அங்கே சுத்த சன்மார்க்க நிலையத்தை அமைத்தார். ஏழைக் குழந்தைகள் தங்கிப் படிக்க ஏற்பாடு செய்தார். பள்ளிகள் தோன்றின. கோட்டையில் இருந்தவர் குழந்தைகளின் படிப்பையும் சாப்பாட்டையும் கவனித்துக்கொண்டு காலம் கழித்தார்.

அவர் வடலூரில் இருந்த ஆண்டுகளில் வெளியுலகம் மாறிக்கொண்டிருந்தது. 1950-களின் இறுதியில் செஞ்சி மலைப் பக்கத்து நீரைத் தேக்கும் வீடூர் அணை எழுந்தது. 1959-ம் ஆண்டில் விவசாய விளைபொருள் சந்தைச் சட்டம் வந்தது. பழைய சட்டத்தில் இடம்பெறாத நெல்லுக்கும் மற்ற விளைபொருள்களுக்கும் ஒழுங்குமுறைச் சந்தை அமைக்க வழி பிறந்தது. 1965-ம் ஆண்டில் இந்திய உணவுக் கழகம் தோன்றியது. அதன் முதல் மாவட்ட அலுவலகம் தஞ்சாவூரில் திறக்கப்பட்டது. அதே ஆண்டில் விளைபொருளுக்கு என்ன விலை தரலாம் என்று ஆராய்ந்து சொல்ல மத்திய சர்க்கார் ஒரு கமிஷனை அமைத்தது.

1948-ல் ஓமந்தூரார் காலத்தில் விடை தெரியாமல் நின்ற கேள்விக்கு, மெல்ல மெல்ல விடை தேடத் தொடங்கினார்கள்.

1970-ம் ஆண்டு ஆகஸ்டு 25-ந் தேதி ஓமந்தூரார் காலமானார். அப்போது அவருக்கு வயது 75.

தோட்டத்துக்கு வந்த பெயர்

சென்னை அண்ணா சாலையில் ஓமந்தூரார் அரசினர் தோட்டம் இருக்கிறது. 2010-ம் ஆண்டில் புதிய தலைமைச் செயலகத்துக்காக அங்கே பெரிய கட்டடம் எழுந்தது. 2014-ம் ஆண்டில் அது பன்னோக்கு மருத்துவமனையாக மாறியது. ஏழை எளியவர்கள் அங்கே வைத்தியத்துக்கு வருகிறார்கள். ஓமந்தூரார் ஆஸ்பத்திரி என்று சொல்லுகிறார்கள். அந்தப் பெயருக்கு உரியவர் திண்டிவனம் பக்கத்துக் குடியானவர் என்பது வருகிறவர்களில் பலருக்குத் தெரியாது.

அவர் பிறந்த மாவட்டத்தில் இன்று என்ன நிலைமை?

துணிக்கு அடியில் விரல் பிடிக்கும் வழக்கத்துக்கு ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் இடம் கிடையாது. மூட்டையை எடை போடுகிறார்கள். வியாபாரிகள் தங்கள் விலையைத் தனித்தனியே கொடுக்கிறார்கள். அதிக விலை கொடுத்தவர் பெயர் வெளியாகிறது. விலை பிடிக்காவிட்டால் விற்காமல் இருக்கவும் விவசாயிக்கு உரிமை உண்டு. 2016-ம் ஆண்டில் கம்ப்யூட்டர் மூலம் ஏலம் விடும் தேசிய வேளாண் சந்தைத் திட்டமும் நாட்டில் தொடங்கியது. நெல்லை அரசே நேராக வாங்கும் கொள்முதல் நிலையங்களும் இருக்கின்றன.

மத்திய அரசு ஒவ்வோர் ஆண்டும் ஆதரவு விலை அறிவிக்கிறது. 2025-26 பருவத்துக்குச் சாதாரண ரக நெல் குவிண்டாலுக்கு 2,369 ரூபாய். மணிலாவுக்கு 7,263 ரூபாய்.

இவை எல்லாம் பெரிய மாறுதல்கள். ஆனாலும் அறுவடைக் காலத்தில் ஒரே சமயத்தில் எல்லாருடைய மூட்டைகளும் வந்து குவிகின்றன. வரத்து கூடினால் விலை இறங்குகிறது. மழை வந்தால் நெல்லில் ஈரம் ஏறுகிறது. ஈரம் ஏறினால் விலை மேலும் குறைகிறது. வீட்டில் நெல்லைச் சேர்த்து வைக்க இடம் இல்லை. அறுவடை இயந்திரத்துக்கு வாடகை, உரக் கடைக்கு பாக்கி, பிள்ளையின் படிப்புக்குக் கட்டணம், எல்லாம் காத்திருக்கின்றன. விற்காமல் இருக்கும் உரிமை இருந்தும் விற்றுத்தான் தீர வேண்டும்.

சட்டம் நிலத்தைக் கொடுத்தது. சட்டம் தராசைச் சரி செய்தது. காத்திருக்கும் பலத்தை யார் கொடுப்பது?

கிடங்கில் சரக்கை வைத்து அதன் பேரில் கடன் பெறும் வசதி அதற்கு ஒரு வழி. கூட்டுறவு மற்றொரு வழி. பத்து விவசாயிகள் சேர்ந்து விற்றால் பேரம் பேசும் பலம் வரும். மூட்டைகளை நனையாமல் காக்கும் கூரையும் உலர்களமும் எளிய வழிகள். இந்த வழிகள் எல்லாம் எல்லா ஊர்களையும் எட்ட வேண்டும்.

ஓமந்தூரார் கோட்டைக்குப் போனபோது கையில் பட்டம் இல்லை. பணக்காரர் துணை இல்லை. குடியானவர் கஷ்டம் மட்டும் தெரிந்திருந்தது. அந்த அறிவைக் கொண்டு 145 ஆண்டுப் பழைய ஜமீன் முறையை இரண்டே ஆண்டில் அசைத்துக் காட்டினார். மீதி வேலையை மற்றவர்களுக்கு விட்டுவிட்டுப் போனார்.

அனந்தபுரத்து விவசாயி செஞ்சி விற்பனைக்கூடத்தில் தம் மூட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். விலைப் பட்டியல் வரும் நேரம். அவர் முகம் மலர்ந்தால், அன்று ஓமந்தூராரின் மீதி வேலையில் ஒரு பங்கு முடிந்தது என்று அர்த்தம்.